மரம் அறுக்கும் மிஷினோடு வந்த பிள்ளைகளுக்கு

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கும், அண்ணன்மார்களுக்கும்,

தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். கஜா புயலில் போன கரண்ட் வந்து, வீட்டுக்கு ஓடு மாற்றி, தை பிறந்த பிறகுதான் உட்கார்ந்து எழுத வாய்த்தது. உதவிக்கு வந்தவர்கள் பலருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. சேலம் என்றார்கள், திருப்பூர் என்றார்கள், மதுரையிலிருந்து ஒரு கல்லூரிக் கூட்டம். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரே மடல்.

2018 நவம்பர் 16ஆம் தேதி, கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்த இரவைப் பற்றி நீங்கள் போதுமான அளவு கேட்டிருப்பீர்கள். காவிரித் தண்ணீர் கடைமடைக்கு ஒழுங்காக வராமல் போகப் போக, நெல்லை விட்டுவிட்டுத் தென்னைக்கு மாறிய குடும்பங்கள் நாங்கள். விடிந்து பார்த்தால் தோப்புக்குள் கால் வைக்க வழியில்லை. மரத்தின் மேல் மரம், அதன் மேல் மட்டையும் குரும்பையும்.

அரிசி, மெழுகுவத்தி, கொசுவத்தி, தார்ப்பாய் அனுப்பிய ஒவ்வொரு கைக்கும் நன்றி. ஒரு சின்ன மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன்: லாரிகள் பல மெயின் ரோட்டோடு நின்றுவிட்டன, உள்ளே இருந்த காலனித் தெருவுக்கு எதுவும் எட்டவில்லை. அதைக் கவனித்து, பைக்கில் மூட்டை கட்டி உள்ளே கொண்டுபோன பிள்ளைகளை அந்தத் தெரு மறக்காது. ஜெனரேட்டரை டிராக்டரில் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போய் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தவர்களையும்தான். கரண்ட் இல்லையென்றால் போர்வெல் ஓடாது, போர்வெல் ஓடாவிட்டால் குடிக்கவே தண்ணீர் இல்லை என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடாத விஷயம்.

ஆனால் இந்த மடல் முதலில் மரம் அறுக்க வந்தவர்களுக்கு. சோறு கேட்க எங்களுக்குத் தெரிந்தது. இதைக் கேட்கத் தோன்றவே இல்லை. விழுந்த மரத்தை அப்படியே போட்டுவைத்தால் மக்கிப்போய் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். பிறகு அது தப்பிப் பிழைத்த மரத்தின் குருத்தையும் குடையும், புதுக் கன்றையும் விடாது. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாய் இழப்பீடும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது சரி. அறுக்க ஆளும் மிஷினும் எங்கே கிடைத்தது? கிடைத்த இடத்தில் சொன்ன கூலியைக் கேட்டு வாய் பேசாமல் திரும்பினோம்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். முதல் நாள் ஒரு தம்பி, நிற்கிற மரத்தைக் காட்டி, "இது நல்லாத்தானே நிக்குது தாத்தா, இதை ஏன் வெட்டச் சொல்றீங்க?" என்று என் மாமனாரிடம் சண்டைக்கே போனார். "மேல பாருங்க தம்பி, குருத்து திருகிப்போச்சு. தென்னைக்கு ஒரே குருத்துதான். அது போனா மரம் போச்சு" என்றார் அவர். அந்தத் தம்பி கொஞ்ச நேரம் மிஷினை ஓட்டாமல் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். பிறகு ஒவ்வொரு மரத்துக்கும் மாமனாரைக் கேட்காமல் கை வைக்கவில்லை. சாய்ந்தும் வேர் அறாமல் கிடந்த இளங்கன்றுகளை நிமிர்த்தி முட்டுக் கொடுத்ததும் அதே கூட்டம்தான்.

தென்னை வெளிப்பார்வைக்கு மெத்தென்று தெரியும், ஆனால் வெளிவைரம் இரும்பு. செயின் மழுங்க மழுங்க, வரப்பில் உட்கார்ந்து அரம் போட்டுவிட்டு மறுபடி எழுந்தீர்கள். ஒன்றன்மேல் ஒன்று விறைத்துக் கிடக்கும் மரத்தைத் தவறான இடத்தில் அறுத்தால் எகிறி அடிக்கும். அடியில் கட்டை கொடுத்துத்தான் வேலை நடந்தது. பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத்தான் வயிற்றில் புளி கரைத்தது. இனி எங்காவது இப்படிப் போகிறவர்களுக்கு ஒன்று: துணிமணியைவிட உபரி செயினும், பெட்ரோலும், கனத்த கையுறையும் எடுத்துப் போங்கள். நைந்த சேலை மூட்டைகள் எங்கள் சமுதாயக்கூடத்தில் இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன.

மின்வாரிய ஊழியர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சம்பா வயலில் முழங்கால் சேறு, வண்டி இறங்காது. கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வெளிமாவட்டத்து ஆட்களோடு கேரளாவிலிருந்தும் வந்து டெல்டாவில் வேலை பார்த்தார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில்தான் கேரளாவே வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. லைன் இழுத்து முடித்த அன்று எங்கள் தெருப் பெண்கள் கொடுத்த கஞ்சியையும் துவையலையும் குறை சொல்லாமல் குடித்தார்களே, அதற்கும் நன்றி.

கொல்லைப் பக்கம் இப்போது வெட்டவெளி. புதுக்கன்று வைத்திருக்கிறோம், இடையில் உளுந்து விதைத்திருக்கிறோம். காய்ப்புக்கு வர ஐந்தாறு வருஷமாவது ஆகும்.

கடைசியாக ஒன்று. யாரோ ஒரு தம்பி செயின் தீட்டும் அரத்தையும் ஒற்றைக் கையுறையையும் எங்கள் திண்ணையில் விட்டுப் போயிருக்கிறார். அடையாளம் சொன்னால் பார்சலில் அனுப்பி வைக்கிறோம். நேரில் வந்தால் இன்னும் நல்லது. கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள், மாமனார் அந்த அரத்தை எடுத்து அரிவாள் தீட்ட ஆரம்பித்துவிட்டார்.

இப்படிக்கு,
தோப்புவீட்டு மருமகள்