ஓவேர்ன் மலைநாட்டையும் பயணப் பக்கங்களில் சேர்க்க வேண்டுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையை ஒட்டித் தங்கள் நாளிதழ் வெளியிடும் வெளிநாட்டுப் பயணக் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். பிரான்சைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவை ஐஃபெல் கோபுரத்தில் தொடங்கி, லூவர் அருங்காட்சியகத்தைச் சுற்றி, வெர்சாய் அரண்மனையோடு நின்றுவிடுகின்றன. குழுச் சுற்றுலாப் பேருந்துகளும் பாரீசிலிருந்து நேராகச் சுவிட்சர்லாந்துக்குப் புறப்பட்டுவிடுகின்றன. பணி நிமித்தமாகக் கிளேர்மோன்-ஃபெரான் நகரில் குடும்பத்தோடு வசித்து வரும் எனக்கு, பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள ஓவேர்ன் மலைநாடு நம் வாசகர்களின் பார்வைக்கே வராமல் போவது வருத்தமளிக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் தேர்வாய்க்கண்டிகையில் ஆலை நடத்தும் மிஷ்லேன் டயர் நிறுவனத்தின் தலைமையகம் இந்நகரில்தான் இருக்கிறது. அதனால் வேலைக்கும் பயிற்சிக்கும் வந்து போகும் தமிழர்களை இங்கே அவ்வப்போது சந்திக்கிறேன். அவர்களிலும் பலர், சன்னலைத் திறந்தால் தெரியும் எரிமலையைப் பார்க்காமல், வார இறுதி வந்ததும் பாரீசுக்கு ரயிலேறிவிடுகிறார்கள்.

நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 80 எரிமலைகள் வடக்கு தெற்காக ஒரே வரிசையில் அமைந்திருக்கின்றன. இந்த வரிசையையும் அதன் அருகே நிலம் பிளந்து தாழ்ந்த லிமாஞ் சமவெளியின் விளிம்பையும் சேர்த்து 2018ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. வரிசையின் தலைவனாக நிற்கும் புய் தெ தோம் 1465 மீட்டர் உயரமுடையது. அது வெடித்துச் சிதறிய மலையன்று. ஓட முடியாத அளவுக்குக் கெட்டியான எரிமலைக் குழம்பு வெளிவந்த இடத்திலேயே குவிந்து இறுகியதால் உருவான மலை. வயது ஏறத்தாழ 11,000 ஆண்டுகள்தான். அதற்கு அடுத்தாற்போல் இருக்கும் பரியூவில் ஏறினால், உச்சியில் புல் போர்த்திய வட்டமான பள்ளம் கச்சிதமாகக் குழிந்து கிடப்பதைக் காணலாம். ஒரே பகற்பொழுதில் இரு வேறு வகை எரிமலைகளின் மேல் நடந்து திரும்ப முடிகிற இடங்கள் ஐரோப்பாவில் அதிகம் இல்லை.

இத்தனை தெளிவாகக் கண்முன் நிற்கும் மலைகளை எரிமலைகள் என்று 18ஆம் நூற்றாண்டு வரை இங்குள்ளோர் அறிந்திருக்கவில்லை. 1751இல் இவ்வழியே பயணம் செய்த இயற்கை ஆய்வாளர் ழான்-எத்தியேன் கெத்தார், வழியில் கட்டுமானத்துக்குப் பயன்பட்டிருந்த கறுப்பு நிறக் கல்லைப் பார்த்து, இது எரிமலைக் கல்லாயிற்றே என்று ஐயுற்று, அது எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொண்டே வொல்விக் என்னும் ஊரின் கல் குவாரிகளை வந்தடைந்தார். அங்கிருந்து மலைகளின் மேல் ஏறிப் பார்த்துத் தம் முடிவை மறு ஆண்டு பாரீசின் அறிவியல் கழகத்தில் அறிவித்தார். கட்டடத்தில் இருந்த கல்தான் அவருக்கு மலையைக் காட்டிக்கொடுத்தது. இந்த மலைநாட்டைச் சுற்றிப் பார்க்க வருவோர்க்கும் அதுவே சரியான வழி என்பது என் கருத்து. இயற்கைக் காட்சிகளை ஒரு நாளிலும் பழம்பெரும் கட்டடங்களை இன்னொரு நாளிலும் எனப் பிரித்துவைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே கல்லால் ஆனவை என்பது தெரியாமலே போய்விடும்.

கிளேர்மோன்-ஃபெரானின் தலைமைப் பேராலயத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1248இல் கட்டத் தொடங்கிய அந்த ஆலயம் முழுக்க முழுக்க வொல்விக் கல்லால் ஆனது. வெளியே நின்று பார்த்தால் கரி பூசியதுபோல் கறுத்திருக்கும். கல் மிகுந்த உறுதி வாய்ந்தது என்பதால் தூண்களை மெல்லியதாகவும் உயரமாகவும் எழுப்ப முடிந்தது. மேற்கு முகப்பும் இரட்டைக் கோபுரங்களும் 19ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை. 1095இல் திருத்தந்தை இரண்டாம் உர்பன் முதல் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்ததும் இந்நகரில்தான்.

ஆனால், ஒரே ஓர் ஆலயத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களை நான் மலைக்குள் இருக்கும் ஓர்சிவால் சிற்றூருக்கே அனுப்புவேன். சரிவுகளுக்கு நடுவே, 12ஆம் நூற்றாண்டில் சாம்பல் நிற எரிமலைக் கல்லால் கட்டப்பட்ட மாதா கோயில் அங்கே இருக்கிறது. அதன் தெற்குப் புறச் சுவரில் துருப்பிடித்த இரும்பு விலங்குகள் தொங்குகின்றன. சிறைப்பட்டிருந்தவர்கள் விடுதலை பெற்றபின் நேர்த்திக்கடனாக அவற்றை இங்கே கொண்டுவந்து மாட்டினார்கள். உள்ளே வெள்ளித் தகடு போர்த்திய மரத்தாலான அன்னையின் உருவம், மடியில் குழந்தையோடு அமர்ந்த கோலத்தில், தூண்களுக்கு நடுவே இருக்கிறது. விண்ணேற்றத் திருநாளில் இன்றும் மக்கள் திரளாக வந்து அதனைப் பவனியாக எடுத்துச் செல்கிறார்கள். சேன்-நெக்டேர் ஊர் ஆலயத்துத் தூண்களின் தலைப்பகுதிகளில் விவிலியக் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டியிருப்பதையும் நேரமிருப்போர் பார்க்கலாம்.

மீண்டும் புய் தெ தோம் உச்சிக்கு வருகிறேன், ஏனெனில் அங்கே இரண்டு செய்திகள் ஒன்றுசேர்ந்து கிடக்கின்றன. ஒன்று, உரோமர் ஆட்சிக்காலத்தில் மெர்க்குரி தெய்வத்துக்கு எழுப்பிய பெருங்கோயிலின் இடிபாடு. 19ஆம் நூற்றாண்டில் வானிலை ஆய்வகம் கட்டுவதற்கு நிலத்தைத் தோண்டியபோதுதான் அது வெளிப்பட்டது. மற்றொன்று, 1648 செப்டம்பர் 19 அன்று நடந்த சோதனை. இந்நகரில் பிறந்த பிலேஸ் பாஸ்கல் அப்போது பாரீசில் இருந்தார்; அவர் கேட்டுக்கொண்டபடி அவருடைய அக்காள் கணவர் ஃப்ளோரேன் பெரியே, பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயோடு இம்மலையில் ஏறினார். கீழே நகரத்து மடத்தின் தோட்டத்தில் மற்றொரு குழாயை வைத்து, அதை நாள் முழுதும் கவனித்துக்கொண்டிருக்க ஒரு துறவியை நிறுத்தியிருந்தார். கீழே இருந்த பாதரசம் அசையவில்லை. மேலே கொண்டுபோனது ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்பது அன்று ஐயமற உறுதியாயிற்று. வங்கக் கடலில் புயல் உருவாகும்போது வானிலை அறிக்கைகளில் வரும் ஹெக்டோபாஸ்கல் என்ற அழுத்த அளவு பாஸ்கலின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளோடு வரும் பெற்றோர், இயற்பியல் பாடத்தை அது நிகழ்ந்த மலையிலேயே சொல்லித்தரலாம்.

தெற்கே கன்டால் மலைகளில் காட்சி முற்றிலும் மாறிவிடும். மரமற்ற பரந்த மேய்ச்சல் வெளிகள், இடையிடையே மேய்ப்பர்கள் கோடையில் தங்கிப் பாலாடைக்கட்டி செய்த கற்குடில்கள், செம்பழுப்பு நிறமும் வளைந்து உயர்ந்த கொம்பும் உடைய சலேர் பசுக்கள். இந்தப் பசு, தன் கன்று அருகில் இல்லாவிட்டால் பால் சுரக்காது. கன்றை முதலில் ஊட்டவிட்டு, பின்பு தாயின் பக்கத்திலேயே கட்டி, அதன் முதுகில் ஒரு பிடி உப்பைத் தூவுகிறார்கள். தாய் அதை நக்கிக்கொண்டு அமைதியாக நிற்கும்போது பாலைக் கறந்துகொள்கிறார்கள். நம் கிராமத்துத் தொழுவங்களில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகவே தோன்றாது. அந்தப் பாலை மரத்தொட்டியில் ஊற்றி, ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டுமே சலேர் பாலாடைக்கட்டி செய்கிறார்கள். இங்கே சைவ உணவினருக்கு ஒரு குறிப்பு: இப்பகுதியின் மரபுவழிப் பாலாடைக்கட்டிகளுக்குக் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைமருந்தைச் சேர்க்கிறார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த த்ருஃபாத் என்ற உணவில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கக் கூடும் என்பதால், உணவகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு உண்பது நல்லது.

கிழக்கே லெ புய்-ஆன்-வெலே நகரில், எரிமலையின் உட்குழாயில் இறுகிப்போன குழம்பு, சுற்றியிருந்த மண் கரைந்தபின் ஏறத்தாழ 80 மீட்டர் உயரத் தனிப்பாறையாக நிற்கிறது. அதன் முனையில் 10ஆம் நூற்றாண்டில் புனித மிக்கேலுக்குக் கட்டிய சிற்றாலயத்தை அடைய 268 படிகள் ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே பார்த்து மனநிறைவு கொள்ளலாம்.

ஆசிரியர் அவர்களே, இவ்விடங்களைப் பற்றி முறையான பயணக் கட்டுரை ஒன்றை வரைபடத்தோடு வெளியிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள். செல்லும் வழியை அதில் தெளிவாகச் சொல்வது அவசியம். பாரீசின் பெர்சி நிலையத்திலிருந்து கிளேர்மோன்-ஃபெரானுக்கு ரயிலில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். மலைக்கிராமங்களுக்குப் பேருந்து வசதி குறைவு. வாடகைக் கார் எடுப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தை ஊரிலிருந்தே பெற்று வர வேண்டும். புய் தெ தோம் உச்சிக்குச் சொந்த வாகனங்களை அனுமதிப்பதில்லை. 2012 முதல் பற்சக்கர ரயில் ஓடுகிறது, நடக்க விரும்புவோர்க்குப் பழைய கோவேறுகழுதைப் பாதை இருக்கிறது. பரியூவில் எண்ணற்ற கால்கள் பட்டு மண் அரித்துப்போனதால் ஏறுவதற்கு மரப்படிகள் அமைத்திருக்கிறார்கள். படத்துக்காக அவற்றை விட்டு விலகிச் சரிவில் இறங்குவோரைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. தயவுசெய்து இதைக் கட்டுரையில் அழுத்திச் சொல்லுங்கள். மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம் என்றாலும், உச்சியில் மூடுபனி எந்த நேரமும் இறங்கும் என்பதால் கோடையிலும் ஒரு கம்பளி மேலாடை கையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கிளேர்மோன்-ஃபெரான், பிரான்சு