பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

மயிலாடுதுறை
கார்த்திகை 1, திங்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நலம்தானே. இன்று முடவன் முழுக்கு, ஐப்பசியில் காவேரியில் முழுகாமல் விட்டவர்களுக்குக் கடைசி வாய்ப்பு. அம்மா விடியற்காலையிலேயே காவேரித் துலாக்கட்டத்துக்குப் போய்விட்டு வந்து ஈரத் தலையோடு அடுப்படியில் நிற்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. நேற்று ஐப்பசிக் கடைசி நாள், கடைமுக முழுக்குக்கு நல்ல கூட்டமாம். நான் போகவில்லை. முழங்கால் வலி காரணமில்லை, வேறு. அப்புறம் சொல்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "ம், சொல்லுங்கப்பா" என்பாய், நான் "ஒன்றுமில்லை, சும்மாதான்" என்பேன், உடனே "அம்மாகிட்ட குடுங்க" என்பாய். மே மாதம் தரங்கம்பாடி போய் வந்ததிலிருந்து ஆறு மாதமாக இதேதான். தீபாவளிக்கும் வரவில்லை. லீவு இல்லை என்றாய், சரி. அம்மா உனக்கென்று எடுத்து வைத்த அதிரசத்தைப் பக்கத்து வீட்டுப் பையன் தின்று தீர்த்தான். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நீ ராத்திரி 11 மணிக்கு மேல் உட்கார்ந்து 2 மணி வரை விழித்திருக்கிறாயாம். மாப்பிள்ளை கோள் சொல்லவில்லை, நான்தான் துருவிக் கேட்டேன். "லேப்டாப் திறந்திருக்கும் மாமா, ஆனா தட்டுற சத்தம் வராது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது.

கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. உன் பாட்டிக்கு 45 வயதில் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். எழுதுவதாக இருந்தால் விடியற்காலையில் எழுது. நீ வாங்கிக் கொடுத்தாயே, ஆந்தனி டிராலப்பின் சுயசரிதை, அதை இரண்டு தடவை படித்துவிட்டேன். இங்கிலீஷ் எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் அந்த ஆள் நம் தபால் டிபார்ட்மெண்ட் ஆள் என்பதால் விடவில்லை. 1834-இல் லண்டன் தபால் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 33 வருஷம் சர்வீஸ். காலை ஐந்தரை மணிக்கு மேஜையில் உட்கார்ந்துவிடுவான். எதிரில் கடிகாரம். கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை. எட்டரைக்கு எழுந்து ஆபீஸுக்குக் கிளம்புவான். அவனை எழுப்பிக் காபி கொடுப்பதற்கென்றே வேலைக்காரக் கிழவருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரயிலில் போகும்போதுகூட மடியில் பலகை வைத்துப் பென்சிலால் எழுதியிருக்கிறான், வீட்டில் மனைவி அதை நகல் எடுப்பாளாம். மொத்தம் 47 நாவல். அவன் செத்த பிறகு 1883-இல் சுயசரிதை வந்ததும், மணி பார்த்து எழுதுகிறவன் என்ன எழுத்தாளன் என்று ஜனங்கள் முகம் சுளித்தார்களாம். எனக்கு அதைப் படித்ததும் அவன் மேல் மரியாதை கூடிப்போயிற்று. வேலை என்றால் அப்படித்தானே.

அவன் அம்மா கதைதான் இன்னும் பெரிது. 50 வயது தாண்டித்தான் எழுதவே தொடங்கினாள், வீட்டில் புருஷனும் பிள்ளையும் நோயில் கிடக்க, மருந்து கொடுத்துக்கொண்டே எழுதினாள். உனக்கு 40 வயதுதான். இதை ஏன் சொல்கிறேன் என்று உனக்கே தெரியும்.

விடியற்காலையில் எழுது. வெறும் வயிற்றோடு உட்காராதே.

உன்னைப் பற்றி இங்கே யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார். 2022-இல் உன் புத்தகம் வந்தபோது 30 பிரதி வாங்கி ஊர் முழுக்கக் கொடுத்தேன். பென்ஷனர் சங்கத்தில் இன்னும் என்னை "நாவலாசிரியர் அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழில் முதல் நாவல் எழுதிய வேதநாயகம் பிள்ளை நம் ஊரில் முன்சீபாக இருந்தவர், 1879-இல் அச்சான நாவல், அந்த மண்ணில் பிறந்தவள் என் பெண் என்று நான் ஆரம்பித்தாலே சங்கச் செயலாளர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறார். இப்போது அவர்களே கேட்கிறார்கள், அடுத்தது எப்போது என்று. எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர…

சரி, தரங்கம்பாடிக்கு வருகிறேன்.

அன்றைக்கு நான் அதிகம் பேசினேன், ஒப்புக்கொள்கிறேன். கோட்டை வாசலில் நின்று டேனிஷ்காரன் 1620-இல் வந்தது, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தது, ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் அ, ஆ எழுதிப் படித்தது எல்லாம் சொன்னேன். வேதநாயகம் பிள்ளை இந்த ஊரிலும் முன்சீபாக இருந்தார் என்று ஆரம்பித்தபோது "அப்பா, இதை நூறு தடவை சொல்லிட்டீங்க" என்றாய். நூறு இருக்காது.

மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. கரையில் புதுப் பெயிண்ட் நாற்றம். மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் ஒரு பெரியவர் நிழலில் உட்கார்ந்து கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தார். குட்டி அம்மாவோடு கிளிஞ்சல் பொறுக்கப் போய்விட்டாள். நீ பெரியவரைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பழைய பாப்பாவாக இருந்தால் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இதற்கு என்ன பேர், அதற்கு என்ன பேர் என்று கேட்டு, பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி, சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டாய். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாய்.

கொண்டுவந்த தடிமனான புத்தகத்தையும் பிரிக்கவில்லை. பாய் மேல் கிடந்தது, காற்று அதைப் புரட்டிக்கொண்டிருந்தது. நான் எடுத்து மணலைத் தட்டினேன். உனக்குப் பென்சில் இல்லாமல் படிக்க வராதே, பள்ளிக்கூட நாளிலேயே காதில் பென்சிலோடு தூங்கிப்போவாய், தலையணை உறையெல்லாம் கோடு கோடாக இருக்கும். அந்தப் புத்தகத்தில் பென்சில் கோடு 62-ஆம் பக்கத்தோடு நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் ஒரு கோடு இல்லை. எடுத்துப் பார்த்தது தப்பு என்றால் மன்னித்துக்கொள். தபால்காரன் கண், எழுத்து இருந்தால் பார்க்கும்.

அப்புறம் அலைக்கல் மேல் உட்கார்ந்து மாங்காய்க் கீற்று தின்றுகொண்டே நீ சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "இதையும் விட்டுடலாம்னு இருக்கேன்பா. யாரும் கேக்கப் போறதில்ல. பிளஸ் டூவுலயும் இப்படித்தான், ஒரு கதை அனுப்பினேன், பதிலே வரல, சரி நமக்கு வராதுபோலன்னு விட்டுட்டேன். பதினஞ்சு வருஷம் ஆச்சு மறுபடி தொட." அழவில்லை, கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். மிளகாய்ப்பொடி காரம் என்று இன்னொரு கீற்று கேட்டாய். நான் காகிதத்தை உன் பக்கம் தள்ளிவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனேன். பையில் இரண்டு பாட்டில் இருந்தது.

பாப்பா, பதில் வந்தது.

2003 மார்ச். உனக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. காலைப் பையை உடைத்து தபால்காரர் வாரியாகப் பிரிக்கும்போது நம் வீட்டு விலாசத்துக்கு ஒரு பழுப்பு உறை, மூலையில் அந்தப் பத்திரிகையின் பேர். நீ எனக்குத் தெரியாமல் அனுப்பியிருக்கிறாய் என்பதே அப்போதுதான் தெரிந்தது. நீ எந்தக் கதையை அனுப்பியிருந்தாலும் திரும்பி வர உன் கையாலேயே விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறையைத்தான் உள்ளே வைத்திருப்பாய், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். திருப்பி அனுப்பும் கதை அந்த உறையில், கனமாக வரும். இது உன் கையெழுத்து இல்லை. டைப் அடித்த விலாசம். மெலிசாக இருந்தது, ஒரே ஒரு தாள்தான் இருக்கும். 31 வருஷ சர்வீஸ் அப்போது, கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது இது நல்ல சேதி என்று.

தபால்காரரிடம் "நானே வீட்டுக்குக் கொண்டுபோகிறேன்" என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். மறுநாள் உனக்கு கெமிஸ்ட்ரி. இதைக் கொடுத்தால் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டாய், பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பரீட்சை முடிந்தது. என்ட்ரன்ஸ் முடியட்டும் என்றேன். அதுவும் முடிந்தது. கவுன்சிலிங் முடியட்டும், கட்-ஆஃப் வேறு கால் மார்க்கில் இழுபறி, கதை கிதை என்று நீ திரும்பிவிட்டால் என்ன செய்வது என்று பயம். உன் சித்தப்பா படிப்பை விட்டது நினைவுக்கு வந்தது. ஜூலையில் நீ ஹாஸ்டலுக்குப் போனாய். பஸ்ஸில் உன்னை ஏற்றிவிடும்போது அந்த உறை என் பையில்தான் இருந்தது. நாலு மாதம் தாமதமாக ஒரு கடிதத்தை என் பெண்ணிடம் எப்படிக் கொடுப்பேன், எங்கே இருந்தது என்று கேட்டால் என்ன சொல்வேன்?

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நூலகத்தில் அந்தப் பத்திரிகையை விடாமல் புரட்டினேன். உன் பேர் வரவில்லை. ஏதாவது கேட்டிருப்பார்கள், போட்டோவோ, சம்மதமோ, நீ பதில் போடாததால் விட்டிருப்பார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும்…

1972-இல் சேர்ந்து 2010-இல் ஓய்வு பெறும் வரை ஒரு மணியார்டரில் ஒரு பைசா பிசகியதில்லை என்று நான் உங்கள் எல்லாருக்கும் முன்னால் எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறேன். 1898-ஆம் வருஷத் தபால் சட்டம், இப்போது மாற்றிவிட்டார்கள், அதில் 52-ஆம் பிரிவு எனக்கு மனப்பாடம். தபாலை ஒளித்து வைக்கும் ஊழியனுக்கு ஏழு வருஷம் வரை சிறை. எனக்குக் கீழே இருந்த ஒரு பையனுக்கு அதைப் படித்துக் காட்டியே சஸ்பெண்ட் செய்ய எழுதினேன். 2005-இல். அப்போது உன் உறை நம் வீட்டுப் பச்சைப் பெட்டியில் இருந்தது.

இதோடு அதை வைத்திருக்கிறேன். பிரிக்கவில்லை. 22 வருஷத்தில் ஒரு தடவைகூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை, அதையாவது நம்பு. பின்பக்கம் நம் ஆபீஸ் முத்திரை, 11.3.2003, நானே குத்தியது. தரங்கம்பாடியிலிருந்து வந்த அன்றே அனுப்பியிருக்க வேண்டும். ஆறு மாதம் ஆகிவிட்டது, அதுவும் என் தப்புதான்.

உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். மாப்பிள்ளையிடம் சொல்ல வேண்டுமானால் சொல். அம்மாவுக்கு இன்னும் தெரியாது, அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், இன்றைக்கே. இதை எழுதும் வரை ஆற்றுப் பக்கம் போக மனம் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வர வேண்டும்.

பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் ஸ்பீட் போஸ்ட்டில்தான் போடுகிறேன். ரசீது என்னிடம் இருக்கும். கையில் கிடைத்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு, பேச வேண்டியதில்லை. குட்டிக்கு முத்தம். கண் டாக்டரிடம் போய் வா.

அன்புடன்,
அப்பா

பி.கு.: உறையின் மேல் ஓரத்தில் மஞ்சளாக இருப்பது எண்ணெய்க் கறை. பெட்டியில் பாட்டியின் சுளுக்குத் தைலம் கவிழ்ந்தது. நான் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியதில்லை.