ஐபிவி6 பயிற்சி: வரும் சனிக்கிழமை, காலை 10 மணி

நண்பர்களுக்கு வணக்கம். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் இணையக் கருவிகளுக்கான பழைய முகவரி முறையான ஐபிவி4இல் முகவரிகளின் கடைசித் தொகுதியைப் பங்கிடத் தொடங்கியது 2011 ஏப்ரலில். மிக அதிக முகவரிகள் தரும் புதிய முறையான ஐபிவி6 இருந்தும், இன்னமும் நம்மில் பலர் நாட் (NAT, பல கருவிகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் உத்தி) வைத்து ஒட்டுப்போட்டே காலம் தள்ளுகிறோம். எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அதனால் இம்முறை விரிவுரை குறைவு, செய்முறையே அதிகம். முகவரித் திட்டமிடல், டூயல் ஸ்டாக் (ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் சேர்த்தே இயக்குவது) ஆகிய இரண்டையும் காலையிலேயே முடித்துவிடுவோம்.

மதியம் முழுவதும் ஃபயர்வால், அதாவது வலையமைப்புக்குள் எதை விடுவது, எதை அடைப்பது என்று வடிகட்டும் அரண். ஐபிவி4 பழக்கத்தில் ஐசிஎம்பியை (கருவிகள் பிழை, நிலைத் தகவல்களைப் பரிமாறும் நெறிமுறை) மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். ஐபிவி6இல் பக்கத்துக் கருவியைக் கண்டறிவதும், தரவுப் பாக்கெட் அளவு மீறியதை அனுப்பிய கருவிக்குத் தெரிவிப்பதும் அதன் வழியாகத்தான். அடைத்தால் இணைப்பே நின்றுபோகும்.

மடிக்கணினியில் இரண்டு லினக்ஸ் மெய்நிகர் கணினிகளை நிறுவிக்கொண்டு வாருங்கள். வருபவர்கள் வியாழன் மாலைக்குள் இங்கே பெயர் கொடுங்கள்.