மழை பேண்ட்டின் கவட்டுத் தையலில் கசிவு: ‘வியர்வை’ என்ற உங்கள் பதிலை ஏற்க முடியாது

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு

பொருள்: பைக் மழை உடைத் தொகுப்பு (ஜாக்கெட், பேண்ட், கிளவுஸ், ஷூ கவர்) – தயாரிப்புக் குறைபாடு, பணம் திரும்பக் கோருதல்

இணைப்பு: ரசீது நகல், தையல்களின் புகைப்படங்கள், நீர்ச் சோதனை வீடியோ

ஐயா / அம்மா,

வணக்கம். உங்களிடம் வாங்கிய மழை உடையில் பேண்ட் கசிகிறது என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். “அது கசிவு அல்ல, உள்ளே தேங்கிய வியர்வை” என்று பதில் வந்தது. உடையைக் கேட்டு வாங்கிப் பார்க்காமலே எழுதிய பதில் அது. ஆகவே இம்முறை விவரமாக எழுதுகிறேன். சேவைப் பிரிவோடு நிறுத்திவிடாமல் இக்கடிதத்தைத் தையல் பகுதியில் இருப்பவர்களிடமும் காட்டுங்கள். அவர்களுக்கு உடனே புரியும்.

வியர்வையா கசிவா என்பதை அரை மணி நேரத்தில் தீர்த்துவிடலாம். பேண்ட்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். இரண்டு கால்களையும் மேலே தூக்கி, இடுப்புப் பட்டையோடு சேர்த்துக் கொடியில் கிளிப் போடுங்கள். கவட்டுப் பகுதி அடியில் பைபோலத் தொங்கும். அதில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி, வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். வீடியோவில் உள்ளபடி, பத்து நிமிடத்துக்குள் நான்கு தையல்கள் சந்திக்கும் புள்ளியில் ஒரு துளி உருண்டு நிற்கிறது. அதைத் துடைத்தால் அதே இடத்தில் அடுத்த துளி வருகிறது. பிறகு பின்பக்கத் தையல் ஓரமாக ஈரக்கோடு நீள்கிறது. சுற்றியுள்ள துணி கடைசிவரை உலர்ந்தே இருக்கிறது. ஆள் இல்லாத பேண்ட்டுக்கு வியர்க்காது.

அந்தப் பையில் நிற்கும் தண்ணீரின் ஆழம் சுமார் 15 செ.மீ., அதாவது 150 மி.மீ. நீரழுத்தம். உங்கள் லேபிளில் அச்சிட்டிருப்பதோ 10,000 மி.மீ. அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அது துணிக்கு உரிய எண். துணி எவ்வளவு நீரழுத்தம் தாங்கும் என்று அளக்கும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 811 முறையில் 100 சதுர செ.மீ. பரப்புள்ள துணியின்மேல் நீரழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றி, மூன்று இடங்களில் துளி தெரியும் அளவைக் குறிப்பார்கள். தையல் இல்லாத துண்டில் எடுத்த அளவு, ஜிப்பும் தையலும் உள்ள முழு உடைக்குப் பொருந்தாது. ‘உடை 10,000 மி.மீ. தாங்கும்’ என்று படிக்கும்படி அதை அச்சிட்டிருப்பதுதான் தவறு.

வண்டி ஓட்டும்போது உண்மையில் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று மார்பில் தரும் அழுத்தம் ஏறத்தாழ 30 மி.மீ. நீரளவுதான். சாதாரணத் துணியே அதைத் தாங்கிவிடும் என்பதால் உங்கள் ஜாக்கெட்டின் முன்புறம் நனைவதில்லை. சீட்டில் கதை வேறு. 70 கிலோ எடை சுமார் 700 சதுர செ.மீ. பரப்பில் இறங்கினால் சராசரியாக 1,000 மி.மீ. ஆகிறது. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது அது சில மடங்கு ஏறும். போதாததற்கு மார்பில் வழியும் நீரும் டேங்க் மேல் ஓடிவரும் நீரும் மடியில் தேங்கி, தொடைகளின் நடுவே சீட்டுக்கும் பேண்ட்டுக்கும் இடையில் இறங்குகின்றன. அதிக அழுத்தமும் அதிக நீரும் ஒரே இடத்தில் சேர்கின்றன. உங்கள் துணி இதைத் தாங்குகிறது, தையல்தான் தாங்கவில்லை.

காரணம் புகைப்படங்களில் தெரிகிறது. பேண்ட்டில் 6 மி.மீ. இடைவெளியில் இரட்டைத் தையல் போட்டு, ஊசித்துளைகளை அடைக்க உள்ளே 16 மி.மீ. அகல சீம் டேப் ஒட்டியிருக்கிறீர்கள். டேப் நேர் நடுவில் உட்கார்ந்தால்கூட இருபுறமும் ஊசித்துளைக்கு அப்பால் 5 மி.மீ.தான் மிஞ்சும். டேப் ஒட்டும் மெஷினில் துணி சற்றே விலகினாலும் அந்த மிச்சம் போய்விடும். பின்பக்கத் தையலில் ஓரிடத்தில் ஊசித்துளைக்கும் டேப்பின் விளிம்புக்கும் இடையே 1 மி.மீ.கூட இல்லை. இதுபோன்ற தையலுக்கு 20 முதல் 22 மி.மீ. டேப் வேண்டும்.

அதைவிட மோசம் அந்த நான்கு தையல் சந்திப்பு. கீழே ஒரு டேப் ஓடுகிறது, அதன்மேல் குறுக்காக இன்னொன்று. கீழ் டேப்பின் தடிமனும் மடித்துத் தைத்த துணியின் தடிமனும் சேர்ந்து ஒரு படிக்கட்டு உண்டாகிறது. மேல் டேப் அந்தப் படியில் முழுக்கப் படியாமல் தாண்டிப்போகிறது. இடையில் மயிரிழை அகலத்தில் ஒரு சுரங்கம். நகத்தால் தடவினாலே அது கைக்குத் தட்டுப்படும். தண்ணீருக்கு அந்த வழி போதும். அந்த இடத்தில் 4, 5 செ.மீ. விட்டமுள்ள வட்டமான ஒட்டு ஒன்றைச் சூடாக்கி அழுத்தினால் அடைபடும். அதைவிட நல்ல வழி, கவட்டில் சாய்சதுரத் துண்டு ஒன்றைச் சேர்த்து, உட்காரும் பரப்பில் தையலே வராதபடி வெட்டுவது. கொஞ்சம் கூடுதல் துணி செலவாகும். மழை பேண்ட்டில் செலவழிக்க அதைவிட முக்கியமான இடம் வேறு இல்லை.

இன்னொரு வாசல், பேண்ட்டின் முன் ஜிப். பின்னால் தடுப்புப் பட்டை இல்லை. பளபளவென்று பூச்சுப் போட்ட ஜிப்பை ‘வாட்டர்ப்ரூஃப் ஜிப்’ என்று விளம்பரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய ஜிப் தூறலைத் தள்ளும், தேங்கிய நீரைத் தடுக்காது. நீர் தேங்குவதோ அதன்மேல்தான். ஜாக்கெட்டும் குட்டை. நின்றால் இடுப்புக்குக் கீழே மூடுகிறது, குனிந்து ஹேண்டிலைப் பிடித்தால் பின்புறம் ஏறிக்கொள்கிறது. உட்கார்ந்த நிலையிலும் ஜாக்கெட் பேண்ட்டை 15 செ.மீ. மூட வேண்டும். மழை பேண்ட்டுக்கு முன் ஜிப்பே தேவையில்லை என்பது என் கருத்து. உயரமான இடுப்பும் எலாஸ்டிக்கும் தோள்பட்டைகளும் இருந்தால் போதும்.

இனி ‘கதகதப்பான உள் லைனிங்’. அது பருத்தி கலந்த துணி. பேண்ட் காலின் கடைசி விளிம்பு வரை அதைக் கொண்டுவந்து தைத்திருக்கிறீர்கள். விளிம்பு எப்போதும் ஈரத்திலேயே கிடக்கும். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல லைனிங் அந்த ஈரத்தை முழங்கால்வரை ஏற்றிவிடுகிறது. எந்தத் தையலும் கசியாமலே கால் நனைவது இதனால்தான். லைனிங் பாலியெஸ்டராக இருக்க வேண்டும், விளிம்புக்கு 8, 10 செ.மீ. முன்பே முடிய வேண்டும், மீதிக்கு நீர் உறிஞ்சாத பட்டை வேண்டும். ஜாக்கெட்டின் கைகளுக்கும் இதுவே பொருந்தும்.

உள்ளே கொஞ்சம் நனைந்தால் என்ன, குளிருக்குத்தான் லைனிங் இருக்கிறதே என்று உங்கள் பதிலில் ஒரு வரி இருந்தது. ஈரமான லைனிங் குளிரைக் காக்காது, கூட்டும். 100 கிராம் நீர் ஒரு மணி நேரத்தில் ஆவியாகப் போனால் சுமார் 67 வாட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் உண்டாக்கும் வெப்பமே ஏறக்குறைய 100 வாட். காற்றைவிட நீர் வெப்பத்தை இருபது மடங்குக்கு மேல் கடத்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றில்லாத இடத்தில் 5 டிகிரி செல்சியஸ் பெரிய குளிர் இல்லை. 80 கி.மீ. வேகக் காற்றில் திறந்த தோலுக்கு அது மைனஸ் 3 டிகிரி போல உறைக்கும். முதலில் மரத்துப்போவது விரல்கள். மரத்த விரல்களுக்கு பிரேக் லிவரும் கிளட்ச்சும் சரியாகப் பிடிபடாது. உங்கள் விளம்பரத்தில் ‘சொகுசு’ என்ற தலைப்பில் வரும் இந்த விஷயம், சாலையில் பாதுகாப்பு விஷயம்.

கிளவுஸ் உள்ளே நீர் புகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வெளித்துணி நீரைக் குடித்துக் கனக்கிறது. நீரைத் தடுக்கும் உள்சவ்வு விரல் நுனியில் கட்டப்படாததால், ஈரக்கையை இழுத்தால் லைனிங்கும் சேர்ந்து வெளியே வந்துவிடுகிறது. மறுபடி விரல்களை நுழைக்க முடிவதில்லை. ஜாக்கெட்டின் மணிக்கட்டுச் சுற்றளவு 22 செ.மீ. என்பதால் கிளவுஸ் மேல் அது ஏறவே ஏறாது. கிளவுஸை ஜாக்கெட் கைக்கு மேலே போட்டாலோ, கை வழியே வழியும் நீர் நேராக உள்ளே இறங்கும். ஜாக்கெட்டில் இரண்டு அடுக்கு வேண்டும். உள் அடுக்கு கிளவுஸுக்குள் போக வேண்டும், வெளி அடுக்கு அதன் மேல் வந்து வெல்க்ரோவில் இறுக வேண்டும்.

ஷூ கவருக்கு அதிகம் எழுதத் தேவையில்லை. அடியில் ஒற்றை எலாஸ்டிக் பட்டைதான், பாதம் முழுக்கத் திறந்திருக்கிறது. முன்சக்கரம் தண்ணீரைக் கீழிருந்துதான் வாரி அடிக்கிறது.

அளவு அட்டவணையும் தவறாக வழிநடத்துகிறது. அதில் உள்ள மார்பு, இடுப்பு அளவுகள் வெறும் சட்டைக்கு உரியவை. மழை உடையை ரைடிங் ஜாக்கெட்டுக்கும் முழங்கால் கவசத்துக்கும் மேலே அணிகிறோம். முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் பேண்ட் பத்து செ.மீ. வரை மேலேறும். அட்டவணையை நம்பி வாங்கினால் கவட்டுத் தையல் இழுபட்டு, ஏற்கெனவே பலவீனமான டேப் சீக்கிரம் பிரியும். ‘சிறிய அளவு வாங்கியதால் கிழிந்திருக்கும்’ என்று நாளை நீங்கள் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: உங்கள் அட்டவணை காட்டிய அளவைவிட ஒரு அளவு பெரியதுதான் வாங்கியிருக்கிறேன்.

பராமரிப்புச் சீட்டில் ‘மடித்துப் பையில் வைக்கவும்’ என்று மட்டும் இருக்கிறது. ஈரத்தோடு மடித்து வெப்பமான இடத்தில் வைத்தால் பாலியூரித்தேன் பூச்சு நீரால் சிதைந்து பிசுபிசுத்து உரியும். முழுக்க உலர்த்தி, சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். துணி மென்மையாக்கும் திரவம் மேற்பரப்பின் நீர்விலக்கும் பூச்சைக் கெடுக்கும் என்பதையும் எழுதுங்கள். இந்த உடை அதில் துவைக்கப்படவில்லை, துணியின்மேல் நீர் இன்னும் முத்துமுத்தாக உருள்வதை வீடியோவில் காணலாம்.

நான் கேட்பது இவை. தொகுப்பு முழுவதற்கும் பணத்தைத் திருப்பித் தாருங்கள். அதே தையலுள்ள இன்னொரு பேண்ட் மாற்றாக வேண்டாம், அதே இடத்தில்தான் கசியும். இருப்பில் உள்ள பேண்ட்டுகளில் சிலவற்றை எடுத்து மேலே சொன்ன நீர்ச் சோதனையைச் செய்து, முடிவை எழுத்தில் தெரிவியுங்கள். விளம்பரத்தில் ‘100 சதவீதம் வாட்டர்ப்ரூஃப்’ என்பதை நீக்கி, 10,000 மி.மீ. என்பது துணிக்கு மட்டும் உரியது என்று குறிப்பிடுங்கள். முழு உடைக்கும் உரிமை கோர விரும்பினால் அதற்கும் வழி இருக்கிறது. மழை உடைகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈஎன் 343-இல், தைத்து முடித்த உடையைச் செயற்கை மழை பொழியும் மழைக்கோபுரத்தின் கீழ் நிறுத்திச் சோதிக்கும் விருப்பத் தேர்வு உண்டு. அதில் தேறிய பிறகு தாராளமாக அச்சிடுங்கள்.

உடையை உலர்த்தி, டேப்பைப் பிரிக்காமல், பசை எதுவும் பூசாமல் அப்படியே வைத்திருக்கிறேன். அனுப்பும் செலவு உங்களுடையது என்று எழுத்தில் உறுதி தந்ததும் அனுப்பி வைக்கிறேன். பெறும்போது கவட்டுச் சந்திப்பைப் புகைப்படம் எடுத்து எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். சோதனைக்காக வெட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்
(ஆர்டர் எண்ணும் தொடர்பு விவரமும் ரசீது நகலில் உள்ளன)