ஷா-256 வரியை அழிக்காதீர்கள்: பில்ட் குழுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பில்ட் (மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டும் வேலை) தோற்றுச் சிவப்பானதும், இறக்கிய கோப்பின் ஹாஷை (அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் அடையாள மதிப்பு; ஷா-256 அதில் ஒரு வகை) சரிபார்க்கும் வரியை கமென்ட் செய்து பச்சையாக்கிவிடும் பழக்கம் பல குழுக்களில் இருக்கிறது. அதை நிறுத்தும்படி கேட்கவே இந்த மடல்.

2023 ஜனவரி 30 அன்று, மூலநிரல்களை வைக்கும் தளமான கிட்ஹப் தானாகச் சுருக்கித் தரும் ஆர்கைவ் கோப்புகளின் ஷா-256 மதிப்பு திடீரென மாறியது. மூலநிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மூலநிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட்டின் 2.38 பதிப்பு முதல், வெளியிலுள்ள ஜிஜிப் என்ற சுருக்கும் நிரலை அழைக்காமல் கிட் தானே கோப்பைச் சுருக்குகிறது; அதனால் சுருக்கிய பைட்டுகள் வேறாகிவிட்டன. பேசல் என்ற பில்ட் கருவியில் ஓடும் பில்ட்கள் வரிசையாக விழுந்தன. கிட்ஹப் அன்றே பழையபடி மாற்றிவிட்டது. ஹாஷ் தன் வேலையைத்தான் செய்தது. கேட்கும்போதெல்லாம் புதிதாகச் சுருக்கித் தரும் கோப்புக்கு ஹாஷ் எழுதிவைத்ததுதான் பிழை. திட்டத்தினரே ரிலீஸில் (வெளியீட்டில்) ஏற்றிவைத்த கோப்பை எடுங்கள். அதன் நகலை உங்கள் சர்வரில் வைத்து, அந்த முகவரியை முதலிலும் மூல முகவரியை அடுத்தும் எழுதுங்கள்.

சிமேக் என்ற பில்ட் கருவியில் வெளி நிரலை இறக்கும் ஃபெட்ச்கன்டென்டில் 'மெயின்' என்று கிளைப் பெயர் கொடுத்தால், நேற்றைய பில்டும் இன்றைய பில்டும் ஒன்றல்ல. டேக்கையும் (ஒரு பதிப்புக்குக் கிட்டில் வைக்கும் பெயர்) நகர்த்த முடியும். குறிப்பிட்ட ஒரு மாற்றத்தை மட்டும் சுட்டும் 40 எழுத்துக் கமிட் ஹாஷை முழுதாக எழுதி, பதிப்பு எண்ணைப் பக்கத்தில் கமென்டாகப் போடுங்கள்.

பைத்தான் பொதிகளை நிறுவும் பிப்பில் உள்நிறுவனப் பொதிகளுக்கு 'எக்ஸ்ட்ரா-இன்டெக்ஸ்-யூஆர்எல்' வேண்டவே வேண்டாம். அது உங்கள் சர்வர், பொதுக் களஞ்சியமான பைபிஐ என இரண்டு இடத்திலும் தேடிப் பெரிய பதிப்பு எண்ணை எடுக்கும். அதே பெயரில் யாரோ ஒருவர் பைபிஐயில் 99.0 ஏற்றினால் அதுதான் உள்ளே வரும்.

ஹாஷால் எல்லாவற்றையும் தடுக்க முடியாது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளில் 2024 மார்ச்சில் ஒரு பின்கதவு அம்பலமானது; அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பின்கதவை பில்டுக்குள் நுழைத்த எம்4 கோப்பு (பில்டுக்கான கன்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்க உதவும் கோப்பு) ரிலீஸ் டார்பாலில் (வெளியீட்டின் சுருக்கிய தொகுப்பில்) மட்டுமே இருந்தது, கிட்டில் இல்லை. ஹாஷ் அச்சுப் பிசகாமல் பொருந்தியிருக்கும். பதிப்பை உயர்த்தும்போது டார்பாலையும் டேக்கையும் ஒப்பிட்டு டிஃப் (வேறுபாட்டுப் பட்டியல்) எடுங்கள். கன்ஃபிகர் கோப்பே ஆயிரக்கணக்கான வரி வரும், அலுப்பான வேலைதான். எம்4 கோப்புகளையாவது திறந்து படியுங்கள்.

இந்த வாரமே ஒன்று செய்யலாம். உங்கள் சார்புகளின் (பில்டுக்குத் தேவையான வெளி நிரல்களின்) பட்டியலில் உள்ளவற்றை முதலில் இறக்கிவிட்டு, நிரலைத் தனிப்பெட்டியில் ஓட்டும் டாக்கரில் 'நெட்வொர்க்=நன்' என்று இணையத்தைத் துண்டித்து பில்டை ஓட்டுங்கள். எங்கே விழுகிறதோ, அங்கே பட்டியலில் இல்லாத சார்பு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் ஏதோ ஒரு ஷெல் ஸ்கிரிப்டுக்குள் ஒளிந்திருக்கும், இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் ஒற்றை கர்ல் வரியாக இருக்கும்.

இப்படிக்கு,
பில்ட் பொறியாளர்கள் சிலர்