குறையைச் சொல்லுங்கள், எந்த இடத்தில் என்றும் சொல்லுங்கள்

நம் போட்டோகிராபி கிளப்பின் நடுவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை விமர்சனக் கூட்டத்தில் நடந்ததை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. உப்பளப் படம் திரைக்கு வந்ததும், "இதெல்லாம் ஒரு படமா? டெலீட் பண்ணிடும்மா" என்றார் நடுவர் ஒருவர். முன்வரிசை சிரித்தது. அடுத்த படத்துக்குப் போய்விட்டீர்கள். படம் எடுத்த கல்லூரி மாணவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கச் சந்தர்ப்பமும் தரப்படவில்லை.

அந்தப் படத்துக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. படம் மோசம்தான். எங்கே மோசம், ஏன் மோசம் என்று ஒருவரும் சொல்லவில்லையே, அதுதான் என் கோபம்.

சொல்ல எவ்வளவோ இருந்தது. தூத்துக்குடி உப்பளம், உச்சிவெயில். உப்பு வாரும் தொழிலாளியின் நிழல் அவர் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. பின்னாலோ செக்கச் சிவந்த வானத்தில் சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பாத்தித் தண்ணீரில் தெரிகிற வானம் வெளுத்த வானம். 2020-இலிருந்து ஃபோட்டோஷாப்பில் வானத்தை மாற்ற ஒரு மெனு போதும். ஆனால் தரையில் விழுந்த நிழலை அது மாற்றித் தராது. "நிழலைப் பாரும்மா, சூரியன் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தாலே அந்த மாணவிக்குப் புரிந்திருக்கும்.

அப்புறம் அந்த முகம். கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். ஃபிரேம் முழுக்க வெள்ளை உப்பு இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் ஒளியின் அளவை, குறைத்துவிடும். உப்பு மங்கும், முகம் இருண்டுபோகும். அதைச் சரிக்கட்டத்தான் இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கும் ஷேடோஸ் ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்திருக்கிறார். கேமரா சுருக்கித் தரும் ஜேபெக் (JPEG) கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 ஒளிப்படிகள்தான், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா (RAW) கோப்பில் 16,384. ஜேபெக்கில் இருட்டை அவ்வளவு தூரம் இழுத்தால் முகம் புள்ளி புள்ளியாகத்தான் வரும். தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு வேறு. "ரா கோப்பில் எடு, உப்பளத்தில் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப்பாவது ஏற்று, வெளிச்சம் இரட்டிப்பாகும்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா?

கண்டிக்கவும் ஓர் இடம் இருந்தது. வெயிலில் நாள் முழுக்க நின்று கறுத்த முகத்தை அந்த மாணவி வெளுப்பாக்கியிருந்தார். அவர் நிறத்தைத் திருத்த உனக்கு யார் உரிமை கொடுத்தது என்று அங்கே முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கலாம். கல்யாண ஆல்பம் முழுக்க நடக்கிற காரியம் இது. கிளப்பிலும் யாரும் கேட்கவில்லையென்றால் வேறு எங்கே கேட்பார்கள்? எனக்கு வேண்டியது மென்மையான விமர்சனம் அல்ல. காரணத்தோடு, இடத்தைக் காட்டிச் சொல்கிற விமர்சனம்.

2016-இல் இத்தாலியில் புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரியின் கண்காட்சியில், கியூபாவில் எடுத்த ஒரு படத்தில் கம்பத்தின் துண்டு ஒன்று எடிட்டிங்கில் இடம் பெயர்ந்து, நடந்துபோகிறவரின் காலருகே கிடந்ததைப் பார்வையாளர் ஒருவர் சுட்டிக்காட்டினார். உலகப் புகழ்பெற்றவர் பதில் சொல்ல வேண்டிவந்தது. கேலி தேவைப்படவில்லை, விரலை வைக்க ஓர் இடம் போதுமாக இருந்தது.

அதே கூட்டத்தில், மூத்த உறுப்பினரின் ஆட்டு மந்தைப் படத்துக்கு "சூப்பர், ஃபிரேம் போட்டு மாட்டலாம்" என்றீர்கள். போட்டோ டூரில் மேய்ப்பவருக்குப் பணம் கொடுத்து, புழுதி கிளம்ப மந்தையை இப்படியும் அப்படியும் ஓட்டவைத்து எடுத்த படம் என்று அரங்கில் பலருக்கும் தெரியும். அது எப்படி எடுக்கப்பட்டது என்று ஒரு கேள்விகூட வரவில்லை. கேமராவோடு சேர்த்தே கிடைக்கும் கிட் லென்ஸோடு வருகிறவருக்கு ஏளனம், விலை உயர்ந்த லென்ஸோடு வருகிறவருக்குக் கைதட்டல். இந்தப் பாரபட்சத்தைப் பார்த்துத்தான் புது உறுப்பினர்கள் வந்த வேகத்தில் நின்றுபோகிறார்கள். உங்கள் அனுபவத்தில் பாதியாவது அவர்களிடம் போய்ச் சேர வேண்டாமா?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஒரே மாலையில் அறுபது படங்களை ஓட்டாமல் இருபதோடு நிறுத்துங்கள். எடிட் செய்த படத்துக்குப் பக்கத்தில் ஒரிஜினலையும் போடச் சொல்லுங்கள். தப்பு இருக்கிற இடத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, அது ஏன் தப்பு என்று சொல்லுங்கள். நிராகரிக்கிற படத்துக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். மூத்தவர் படமானாலும் இதே முறைதான். அடுத்த மாதக் கூட்டத்திலேயே இதைத் தொடங்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். திரை, லேப்டாப் ஏற்பாட்டுக்கு ஆள் வேண்டுமென்றால் நான் முன்னதாகவே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
கிளப் உறுப்பினர் ஒருவர்