தக்கலையில் இறங்கிப் போன அம்மாவுக்கு

போன ஆவணியில், மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். மடியில் பூப்போட்ட துணிப்பை, ஈரக்குடை. பேர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

நான் போனில் அக்காவிடம் தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். வளைகுடாவில் வேலை போய்த் திரும்பியவன், கடன், குடி, ராத்திரித் தூக்கம் கிடையாது. "இப்போ ரெண்டு நாளா நல்லா இருக்கான், சிரிக்கான். புறாக்களைக்கூட கூட்டோட பக்கத்து வீட்டுப் பையனுக்குக் குடுத்துட்டான்" என்றேன், சந்தோஷமாகத்தான்.

போனை வைத்ததும் என் கையைப் பிடித்தீர்கள். "மக்ளே, ஆசையா வளத்ததைக் குடுக்கான், திடீர்னு அமைதியாயிட்டான். இது நல்லதுக்கில்ல. சாவணும்னு தோணுதான்னு நேரா கேளு. கேட்டா அந்த நெனப்பு புதுசா வந்திராது. தனியா விடாத."

அந்தக் கை நடுங்கியது. ஏனென்று நீங்கள் சொல்லவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். கேட்டேன். அரைமணி நேரம் அழுதான். அன்று ராத்திரி 14416-க்கு, அதுதான் டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், போன் போட்டோம். தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள். போலீஸ் கேஸ் வருமோ என்று அப்பா பயந்தார். தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகப் பார்க்கச் சொல்கிறது 2017 மனநலச் சட்டம். இவன் வாய்விட்டுச் சொன்னதற்கு என்ன கேஸ்? மறுநாள் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனோம். மருந்து இன்னும் நடக்கிறது.

நேற்று புறாக்களைத் திருப்பி வாங்கி வந்தான், அம்மா. உங்களுக்குக் கோடி நன்றி.